ஆற்று மீனுக்கு ஓடாத நீர்: புளூகில் வளர்வதும் பிழைப்பதும்

மின்னசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் நடுவே ஓடும் மிஸிஸிப்பி ஆற்றில், ஜனவரி மாதம் பனிக்கட்டியில் துளை போட்டு வெப்பமானியை இறக்கினால், பிரதான ஓட்டத்தில் மேலிருந்து அடிவரை ஏறக்குறைய 0 டிகிரி செல்சியஸ்தான் காட்டும். அங்கிருந்து சில நூறு மீட்டர் தள்ளி, ஆற்றோடு ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கும் குட்டையின் அடியில் 3 டிகிரி இருக்கலாம். கையகல புளூகில் மீன் முதல் இடத்தில் தாக்குப்பிடிக்காது. இரண்டாவது இடத்தில், மூச்சுவிட ஆக்ஸிஜனும் இருந்தால், பனி உருகும்வரை ஓட்டிவிடும்.

புளூகில் போன்ற, ஆற்றில் வாழும் நன்னீர்ச் சூரிய மீன்களின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது பலரும் முதலில் உணவைப் பார்ப்பார்கள், பிறகு மீன்பிடிப்பைப் பார்ப்பார்கள். இரண்டும் முக்கியம்தான். ஆனால் ஆற்றில் இவற்றுக்கு முன்னால் நிற்கும் கேள்வி வேறு. ஓடாத நீர் எங்கே இருக்கிறது, ஆற்றோடு அதற்குள்ள தொடர்பு எந்த மாதத்தில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே அது. கோடையில் மீனைக் கொழுக்க வைக்கும் அதே தொடர்பு வசந்தத்தில் கூட்டை அடித்துப்போகும். பனிக்காலத்தில் மீனையே கொல்லும்.

கடலில் மிதக்கும் ராட்சதச் சூரிய மீனுக்கும் இவற்றுக்கும் உறவில்லை. இவை சென்ட்ரார்கிடே குடும்பத்தின் லெபோமிஸ் இனத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பம் இயற்கையாக வாழ்வது வட அமெரிக்காவில் மட்டும். அங்கும் ராக்கி மலைக்கு மேற்கே சொந்தமாக இருப்பது சாக்ரமென்டோ பெர்ச் என்ற ஒரே மீன்தான். புளூகில், பம்ப்கின்சீட், ரெட்பிரெஸ்ட், ரெட்இயர், லாங்இயர், பச்சைச் சூரிய மீன் என்று லெபோமிஸில் பல உண்டு. லார்ஜ்மவுத் போன்ற பாஸ் மீன்களும் கிராப்பிகளும் இதே குடும்பத்தின் பங்காளிகள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் புளூகில்லைப் பற்றியது. ஆற்று ஓட்டத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் ரெட்பிரெஸ்ட் இடையிடையே வரும்.

புளூகில்லைப் பார்த்திராதவர்கள் நம்மூர் ஜிலேபிக் கெண்டையை நினைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் தட்டையான, உயரமான உடல். நின்ற இடத்தில் சட்டென்று திரும்பவும், செடித்தண்டில் ஒட்டிய பூச்சியைக் கொத்தவும், மார்புத் துடுப்பை மெதுவாக அசைத்து அந்தரத்தில் நிற்கவும் இந்த உடல் அருமையானது. எதிர்நீச்சலுக்கு இது ஆகாது. நீர் குளிரக் குளிரத் தசையின் வலுவும் குறையும். அதனால் ஜூலையில் சிரமமில்லாமல் சமாளிக்கிற ஓட்டம் ஜனவரியில் தாங்க முடியாததாகிவிடும்.

கூட்டுக்கு வேண்டிய அமைதி

நீர் 20 டிகிரியை நெருங்கும்போது ஆண் மீன் கரையோர ஆழமற்ற பகுதிக்கு வந்து, வாலால் அடித்து, ஏறக்குறைய ஒரு அடி அகலத்துக்கு வட்டக் குழி பறிக்கும். சேறு விலகி, கூழாங்கல்லோ மணலோ வேர்முடிச்சோ வெளிப்பட வேண்டும். புளூகில் கூட்டங்கூட்டமாகக் கூடு போடும் மீன். ஒரே இடத்தில் குழிகள் தேன்கூட்டைப் போல நெருங்கிக் கிடக்கும். பெண் முட்டையிட்டுப் போய்விடும். ஆண் தங்கிக் காவல் காக்கும், துடுப்பால் விசிறி முட்டைமேல் நீரோட்டம் கொடுக்கும். 24, 25 டிகிரி நீரில் 2 முதல் 3 நாளில் முட்டை பொரியும். மஞ்சள் கரு தீர்ந்து குஞ்சு நீந்தக் கிளம்ப இன்னும் சில நாள் ஆகும்.

ஆக, குழி பறித்தது முதல் குஞ்சு வெளியேறும்வரை ஒரு வாரம் முதல் 10 நாள்வரை நீர்மட்டமும் வேகமும் பெரிதாக மாறக்கூடாது. இந்தக் காலத்தில் கெடுவது பெரும்பாலும் மூன்று வழியில். நீர் திடீரென உயர்ந்தால் வேகம் கூடி ஆண் மீன் கூட்டை விட்டு விலகும். விசிற ஆளில்லாத முட்டைமேல் வண்டல் படியும், பூஞ்சை பிடிக்கும், பங்காளி மீன்களே வந்து தின்னும். நீர் திடீரென வடிந்தால் கூடு வெளியே தெரிந்து காய்ந்துபோகும். மூன்றாவது குளிர். நீர் சில டிகிரி இறங்கினாலே முட்டை பொரிவது தள்ளிப்போகும், ஆண் காவலைக் கைவிடவும் கூடும். நீந்தத் தொடங்கிய முதல் நாள் குஞ்சுதான் இவை எல்லாவற்றிலும் பலவீனமானது. முட்டை கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும். குஞ்சுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

அலபாமாவில் தல்லபூசா ஆற்றின் ஹாரிஸ் அணை இதற்கு நல்ல உதாரணம். 1983-இல் இயங்கத் தொடங்கிய இந்த நீர்மின் அணை, மின்சாரம் தேவைப்படும் நேரத்தில் விசையாழியைத் திறந்து வெள்ளமாக விட்டது. மற்ற நேரத்தில் அணையிலிருந்து ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. கீழே இருந்த ரெட்பிரெஸ்ட் போன்ற மீன்களுக்கு ஒரே வாரத்தில் வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்தன. சராசரி நீரளவைப் பார்த்தால் ஆறு நன்றாகத்தான் இருப்பதாகத் தோன்றும். சராசரியில் எந்த மீனும் முட்டையிடுவதில்லை. 2005 முதல் அணைக்கு மேலே ஹெஃப்லின் அளவீட்டு நிலையத்தில் பதிவாகும் இயற்கை நீரோட்டத்தை ஒட்டி, இடையிடையே சிறுசிறு துடிப்புகளாக நீர் விடும் முறை வந்தது. முட்டையிடும் பருவத்தில் சில நாள் மின்னுற்பத்தியை அடக்கி வைத்து மீனுக்கு ஒரு 'ஜன்னல்' திறந்துவிடலாம் என்ற யோசனையும் அந்த ஆற்றை ஒட்டி ஆராயப்பட்டது. ஜன்னலின் நீளம் 10 நாளுக்குக் குறைந்தால் பயன் சொற்பம். ஐந்து நாள் அமைதி கொடுத்து ஆறாம் நாள் விசையாழியைத் திறப்பது, குஞ்சுகள் நீந்தத் தொடங்கும் வேளையில் அவற்றை அடித்துவிடுவதாகும்.

எந்தக் குஞ்சு எந்த நாளில் பொரிந்தது என்பதைப் பின்னாலும் கண்டுபிடிக்க முடியும். மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லில் குஞ்சுப் பருவத்தில் நாளுக்கு ஒரு வளையம் விழும். டாபர்ட், கோபிள் என்ற இருவர் 1977-இல் லெபோமிஸ் மீன்கள் மூன்றிலும், கூடவே மொசாம்பிக் திலாப்பியாவிலும் இதைக் காட்டினார்கள். செப்டம்பரில் பிடித்த குஞ்சின் காதுக்கல்லைத் தேய்த்து, வளையங்களை எண்ணி, பிடித்த தேதியிலிருந்து கழித்தால் பொரிந்த நாள் கிடைக்கும். அதை ஆற்று நீர்மட்டப் பதிவோடு ஒட்டிப் பார்த்தால், எந்த வெள்ளம் எந்த வாரத்துக் குஞ்சுகளைத் துடைத்தது என்பது இடைவெளியாகவே தெரியும்.

முதல் கோடை, முதல் பனி

வடக்கில் புளூகில் மே கடைசியிலிருந்து ஆகஸ்ட்வரை பல தடவை முட்டையிடும். ஜூன் தொடக்கத்தில் பொரிந்த குஞ்சுக்கு வளர நூறு நாளுக்கு மேல் கிடைக்கும். ஆகஸ்ட் குஞ்சுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. நீர் சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். புளூகில் வேகமாக வளர்வது 27 முதல் 30 டிகிரியில்.

பனிக்காலம் தொடங்கும்போது ஒரு குஞ்சு 60 மி.மீ., இன்னொன்று 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நீளம் இரு மடங்கு என்றால் எடை ஏறக்குறைய 8 மடங்கு. ஆனால் உயிரோடு இருக்க ஆகும் சக்திச் செலவு எடைக்கு நேராக ஏறுவதில்லை; சுமார் 0.8 அடுக்கில் ஏறுகிறது. அதாவது 5 மடங்கு மட்டும். கையிருப்பு 8, செலவு 5. பெரிய குஞ்சு பட்டினியில் ஒன்றரை மடங்கு கூடுதல் நாள் ஓட்டும். சின்னக் குஞ்சின் உடலில் கொழுப்பின் விகிதமும் குறைவு என்பதால் உண்மையான வித்தியாசம் இதைவிடப் பெரியது. ஒன்டாரியோவின் ஓபினிகான் ஏரியில் கார்னெல்லியும் குரோஸும் 1990களில் செய்த ஆய்வும் முன்னால் பிறந்து பெரிதான புளூகில்களே முதல் பனியைத் தாண்டுவதில் முந்துகின்றன என்று காட்டியது.

அப்படியென்றால் எல்லா மீனும் ஜூனிலேயே முட்டையிட்டுவிடலாமே என்று கேட்கலாம். ஏரியில் அது சரிப்படும். ஆற்றில் ஜூன் மாதமே வெள்ள மாதமும்கூட. முன்னால் இட்டவை அடித்துப்போன ஆண்டில் பின்னால் இட்டவைதான் மிச்சம். நீண்ட முட்டையிடும் பருவம் ஆற்று மீனுக்கு வீணான பழக்கமல்ல.

குஞ்சுகளின் இன்னொரு கணக்கு செடியோடு. கூட்டை விட்டதும் திறந்த நீருக்குப் போய் மிதவை உயிரிகளைத் தின்னும். 20, 25 மி.மீ. ஆனதும் கரைக்குத் திரும்பி நீர்ச்செடிகளுக்குள் ஒளியும். வெர்னர், கில்லியம், ஹால், மிட்டல்பாக் நால்வரும் 1983-இல் வெளியிட்ட குளச் சோதனை பெயர்பெற்றது. குளத்தை இரண்டாகத் தடுத்து, புளூகில்லை வேட்டையாடும் லார்ஜ்மவுத் பாஸை விட்ட பாதியில் சிறு புளூகில்கள் நல்ல இரை இருந்த திறந்த பகுதியை விட்டுவிட்டுச் செடிக்குள் பதுங்கின, வளர்ச்சியில் பின்தங்கின. பாஸ் இல்லாத பாதியில் தாராளமாக மேய்ந்தன. செடி பாதுகாப்பு தரும், அதற்கு விலையாக வளர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

மேல் மிஸிஸிப்பியில் 1980களின் கடைசி வறட்சி ஆண்டுகளுக்குப் பிறகு காட்டு செலரி போன்ற நீருக்கடிச் செடிகள் பெரும் பரப்பில் அழிந்தன. ஒளியும் இடம் போனது. பிற்பாடு 2001-லும் 2002-லும் 8-ஆம் தேக்கத்தில் (ஆற்றில் வரிசையாக உள்ள அணைகளுக்கு இடைப்பட்ட நீர்ப்பரப்பை இப்படி எண்ணிட்டு அழைப்பார்கள்) கோடையில் நீர்மட்டத்தைச் சுமார் 45 செ.மீ. இறக்கி, சேற்றைக் காயவிட்டு, செடி விதைகளை முளைக்க வைத்தார்கள். ஆற்றில் அணை கட்டி ஆண்டு முழுக்க மட்டத்தை ஒரே சீராக வைத்திருந்ததன் கேட்டைச் செயற்கையாக ஒரு கோடை வறட்சி கொடுத்துச் சரிசெய்யும் முயற்சி அது.

கோடை வெள்ளம் கொழுப்பு

வசந்த வெள்ளம் கூட்டுக்கு எமன் என்றால், கோடை வெள்ளம் ஓராண்டைத் தாண்டிய மீனுக்குத் திருவிழா. ஆறு கரை மீறிப் புல்லுக்குள்ளும் மரத்தடியிலும் பரவும்போது மண்புழு, பூச்சி, நத்தை எல்லாம் ஒரே நாளில் இரையாகும். ஆழமற்ற நீர் சூடாகவும் இருக்கும். ஜுங்க், பேய்லி, ஸ்பார்க்ஸ் மூவரும் 1989-இல் வைத்த வெள்ளத் துடிப்புக் கோட்பாடு இதைத்தான் சொன்னது. நான்கே ஆண்டில் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. 1993-இல் மிஸிஸிப்பியில் வந்த பெருவெள்ளம் கோடை நடுவில் உச்சத்தைத் தொட்டது. குட்ராய்ட்டரும் சகாக்களும் செய்த பகுப்பாய்வில், கரையோரத்தை நம்பி வாழும் புளூகில்லும் லார்ஜ்மவுத் பாஸும் அந்த ஆண்டு கூடுதலாக வளர்ந்திருந்தன. திறந்த ஆற்றில் வேட்டையாடும் வெள்ளை பாஸுக்கு அந்த லாபம் இல்லை. வெள்ளம் எல்லா மீனுக்கும் நல்லது என்ற பேச்சுக்கு இது நல்ல மறுப்பு. வெள்ளம் எந்த வெப்பநிலையில் வந்தது என்பதும் சேர்த்தியே. 8 டிகிரி நீர் காட்டுக்குள் ஏறினால் புளூகில்லுக்கு ஒரு பயனும் கிடையாது.

பனிக்குக் கீழே

நீர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும் இலையுதிர்காலத்தில் ஆற்றுப் புளூகில்கள் இடம்பெயர்ந்து, பனிக்காலம் கழிக்கத் தோதான சில குட்டைகளில் கூடும். ஒரு தேக்கத்தில் கோடை முழுக்கச் சிதறிக் கிடந்த மீன், சில சிறு இடங்களுக்குள் நெருக்கியடிக்கும். இந்த இடங்கள் மொத்தப் பரப்பில் சொற்பம். மீனின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைப்பது பெரும்பாலும் இவைதான்.

இங்கே மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன: வெப்பம், ஓட்டம், ஆக்ஸிஜன். நைட்ஸ், ஜான்சன், சாண்ட்ஹைன்ரிக் மூவரும் 4-ஆம் எண் அணைக்கு நேர் கீழே, 5-ஆம் தேக்கத்தில் உள்ள ஃபிங்கர் லேக்ஸ் குட்டைகளில் புளூகில்லுக்கும் கறுப்பு கிராப்பிக்கும் ரேடியோ கருவி பொருத்தித் தொடர்ந்தார்கள். முடிவு 1995-இல் வெளியானது. ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவரை, மீன்கள் 1 டிகிரிக்குக் குறைந்த நீரையும், வினாடிக்கு 1 செ.மீ.க்கு மேல் ஓடும் நீரையும் தவிர்த்தன. ஆக்ஸிஜன் 2-க்குக் கீழே விழுந்ததும் மனத்தை மாற்றிக்கொண்டு, குளிர்ந்து ஓடும் இடத்துக்கே போய்விட்டன. வினாடிக்கு 1 செ.மீ. என்பது கண்ணுக்குத் தெரியாத ஓட்டம். ஒரு மீட்டர் நகர 100 வினாடி ஆகும். அதைக்கூட மீன் தவிர்க்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

ஓட்டம் ஏன் வெப்பத்தைக் கொல்கிறது? நீர் மிகக் கனமாவது 4 டிகிரியில். ஓடாத குட்டையில் 3, 4 டிகிரி நீர் அடியில் தங்கும், 0 டிகிரி நீர் பனிக்கட்டியை ஒட்டி மேலே நிற்கும். ஓடும் ஆற்றில் இந்த அடுக்கு கலங்கி மேலும் கீழும் ஒரே 0 டிகிரியாகிவிடும். சரி, குட்டையை முழுக்க அடைத்துவிட்டால்? அப்போது ஆக்ஸிஜன் போகும். டிசம்பரில் பனிக்கட்டி கண்ணாடியாக இருக்கும்போது கீழே பாசி ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருக்கும், ஆக்ஸிஜனுக்குக் குறையிருக்காது. ஜனவரியில் அதன்மேல் வெண்பனி படிந்தால் வெளிச்சம் அடைபடும். கோடையில் குஞ்சைக் காத்த செடிகள் இப்போது செத்து அடியில் அழுகி ஆக்ஸிஜனைக் குடிக்கும். பிப்ரவரி கடைசி வாரங்கள்தான் மிக மோசம்.

எனவே மதகு வைத்த குழாய் வழியாக ஆற்றிலிருந்து கொஞ்சம் புதுநீர் விடுவது வழக்கமான தீர்வு. 1986-இல் சட்டமாகி இன்று மேல் மிஸிஸிப்பி ஆற்று மீட்பு என்று அழைக்கப்படும் திட்டத்தின்கீழ் ஃபிங்கர் லேக்ஸில் அணைக்கரையினூடே அப்படிப்பட்ட குழாய்கள் போடப்பட்டன. எவ்வளவு கொஞ்சம் என்பதில்தான் பிசகு நடக்கும். ஓர் உதாரணக் கணக்கு: 4 ஹெக்டேர் குட்டை, சராசரி ஆழம் 1.5 மீட்டர், கொள்ளளவு 60,000 கன மீட்டர். அடிச்சேறும் நீருமாகச் சேர்ந்து சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 0.3 கிராம் ஆக்ஸிஜன் குடிப்பதாக வைத்தால், மொத்தத் தேவை 12 கிலோ. ஆற்றின் 0 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 14.6 மில்லிகிராம் ஆக்ஸிஜனோடு வரும். குட்டையில் 5 மில்லிகிராம் மிஞ்ச வேண்டுமென்றால் ஒவ்வொரு கன மீட்டரும் 9.6 கிராம் கொடுக்கும். வினாடிக்கு சுமார் 15 லிட்டர் போதும். அந்த வேகத்தில் குட்டை நீர் முழுதும் மாற ஒன்றரை மாதம் பிடிக்கும், அடிநீரின் வெப்பம் பிழைத்துக்கொள்ளும். அதே குழாயை யாரோ நல்லெண்ணத்தில் தாராளமாகத் திறந்து வினாடிக்கு 180 லிட்டர் விட்டால், நான்கே நாளில் குட்டை முழுக்க மாறி 0 டிகிரிக்கு வந்துவிடும். 40 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள குறுக்கில் இந்த 180 லிட்டரின் வேகம் வினாடிக்கு வெறும் 0.3 செ.மீ. ஓட்டமானியில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். வெப்பமானியில்தான் குட்டு வெளிப்படும்.

காகிதக் கணக்கு இன்னொரு விதத்திலும் பொய்க்கும். உள்ளே வரும் 0 டிகிரி நீர் இலேசானது என்பதால் பனிக்கட்டிக்கு அடியிலேயே மெல்லிய அடுக்காக வழுக்கி, நேரே வெளிவாசலுக்குப் போய்விடக்கூடும். மேலே ஆக்ஸிஜன் உண்டு, வெப்பமில்லை. கீழே வெப்பம் உண்டு, ஆக்ஸிஜன் இல்லை. மீன்கள் நடுவில் ஓர் அடி உயரமுள்ள இடைவெளியில் மாட்டிக்கொள்ளும். அதனால் அளக்கும்போது ஒரு துளையில் ஒரே ஓர் அளவு எடுத்துவிட்டு வரக்கூடாது. பனிக்கட்டிக்கு ஒரு சாண் கீழே, நடுவில், அடியிலிருந்து ஒரு சாண் மேலே என்று மூன்று இடத்தில் வெப்பமும் ஆக்ஸிஜனும் எடுக்க வேண்டும். பனிக்கட்டியின் கனத்தையும் அதன்மேல் கிடக்கும் வெண்பனியின் கனத்தையும் குறிக்க வேண்டும். நுழைவாய்க்குப் பக்கத்தில் மட்டும் அளந்தால் ஆக்ஸிஜன் எப்போதும் பிரமாதமாக இருக்கும்.

ஆழம் கடைசியாக வருகிறது, ஆனால் செலவில் முதலிடம் அதற்குத்தான். 1.2 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் 60 செ.மீ. பனிக்கட்டி உறைந்தால் பாதி போய்விட்டது. 1930களில் படகுப் போக்குவரத்துக்காக 9 அடி ஆழ வழித்தடம் அமைக்க வரிசையாக அணைகள் கட்டியபோது இந்தக் குட்டைகள் பெருகின. அதே அணைகளால் ஓட்டம் தளர்ந்து வண்டல் படிந்து, குட்டைகள் தூர்ந்துகொண்டும் வருகின்றன. தூர்வாரும்போது நீளமாக ஆற்றை நோக்கித் திறந்த வாய்க்காலாக வெட்டினால் அது பனிக்காலத்தில் ஓட்டத்தை உள்ளே இழுக்கும், வெள்ளத்தில் வண்டலையும் இழுக்கும். மேல்முனை அடைத்து, கீழ்முனை மட்டும் ஆற்றோடு திறந்திருக்கும்படி வெட்டுவது நல்லது. அயோவா பக்கம், 13-ஆம் தேக்கத்தின் பிரவுன்ஸ் ஏரியில் தூர்வாரலோடு வண்டலைத் திருப்பும் கரையும், ஆக்ஸிஜன் நீரை அளந்துவிடும் மதகும் சேர்த்துக் கட்டியது இந்தக் காரணத்தால்தான்.

பனிக்காலச் சாவு கண்ணில் படுவதில்லை என்பதும் ஒரு தொல்லை. பனிக்கட்டிக்குக் கீழே செத்த மீன் உருகும் காலத்தில் மேலே வரும்போது கழுகும் கடற்காக்கையும் முந்திக்கொள்ளும். இன்னொரு பக்கம், கூடிக் கிடக்கும் மீன்கள் பனித்துளைத் தூண்டில்காரர்களுக்கு எளிதில் அகப்படும். எடுத்துப்போவது பெரும்பாலும் பெரிய ஆண்களை. பெரிய ஆண்கள் அரிதானால் இளைய ஆண்கள் சீக்கிரமே பருவமடைந்து, உடலில் போட வேண்டிய சக்தியை இனப்பெருக்கத்தில் போடும். வளர்ச்சி குன்றும். இரைப் பஞ்சமே இல்லாத இடத்திலும் புளூகில் வளராமல் சிறிதாகவே நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

வளர்ச்சியையும் சாவையும் படிப்பது

மீனின் வயதைச் செதிலிலும் படிக்கலாம், காதுக்கல்லிலும் படிக்கலாம். செதில் எடுத்தால் மீனை உயிரோடு விட்டுவிடலாம் என்பது அதன் நன்மை. ஆனால் வயதேற ஏற ஓர வளையங்கள் நெருங்கி ஒன்றாகிவிடும். கிழட்டு மீனை இளையதாகக் காட்டும். முட்டையிடும் களைப்பில் விழும் போலி வளையங்கள் வேறு. இளம் மீனின் காதுக்கல்லை நீரில் மூழ்கவைத்து அப்படியே நுண்ணோக்கியில் பார்க்கலாம். வயதானதை நடுமையம் வழியாக உடைத்து, தேய்த்து, பக்கவாட்டில் ஒளியடித்துப் பார்க்க வேண்டும்.

முந்தைய ஆண்டுகளின் நீளத்தைப் பின்னோக்கிக் கணக்கிட, செதில் முளைக்கும்போது மீன் இருந்த நீளம் ஒன்று வேண்டும். புளூகில்லுக்கு வழக்கமாக 20 மி.மீ. வைப்பார்கள். 160 மி.மீ. மீனின் செதில் ஆரம் 100 அலகு, முதல் வளையம் 25-இல் என்றால், முதல் ஆண்டு முடிவில் நீளம் 20 + (160 − 20) × 0.25 = 55 மி.மீ. இரண்டாம் வளையம் 55-இல் என்றால் 97 மி.மீ. இப்படிப் பல மீன்களில் கணக்கிட்டு, எந்த நாட்காட்டி ஆண்டில் வளர்ச்சி கூடியது என்று பிரித்தால்தான் 1993 போன்ற ஆண்டு தனியாகத் தெரியும். வெறும் சராசரி நீளம் அதை மூடிவிடும்.

எடையைச் சரிபார்க்க புளூகில்லுக்கென்று ஒரு தரச் சமன்பாடு உண்டு. அதன்படி 150 மி.மீ. மீன் ஏறக்குறைய 70 கிராம், 200 மி.மீ. மீன் 180 கிராம் இருக்க வேண்டும். வசந்தத்தில் முட்டை சுமக்கும் பெண்ணையும், இலையுதிர்காலத்தில் கொழுத்த மீனையும் ஒரே அட்டவணையில் போட்டால் எண் அர்த்தமற்றுப்போகும்.

சாவு விகிதத்துக்குச் சாப்மன்–ராப்சன் முறை எளியது. இளைய வயதை 0 என்று குறித்து, அடுத்தடுத்த வயதில் 120, 60, 30, 15, 8, 4, 2, 1 மீன் கிடைத்தன என்று வைப்போம். மொத்தம் 240 மீன். வயதுக் குறியீட்டைப் பெருக்கிக் கூட்டினால் 236. ஆண்டுக்கு ஆண்டு பிழைப்பது 236 ÷ (240 + 236 − 1), அதாவது 0.497. பாதி மீன் ஆண்டுதோறும் சாகிறது. கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவு குஞ்சு சேர்ந்தது என்ற ஊகத்தின்மேல் நிற்கிறது. ஆற்றில் அது நடப்பதேயில்லை. வெள்ளம் துடைத்த ஓர் ஆண்டுக் குஞ்சுகள் இளைய பக்கம் விழுந்தால் பிழைப்பு விகிதம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். மூத்த பக்கம் விழுந்தால் குறைவாகத் தெரியும். ஒரே ஆண்டு மாதிரியை வைத்து ஆற்று மீனுக்குச் சாவு விகிதம் சொல்பவர்களை நம்பாமலிருப்பது நல்லது. மூன்று, நான்கு ஆண்டு மாதிரிகளைச் சேர்த்தால் வெள்ளத்தின் தடம் ஓரளவு சமன்படும்.

வந்தேறிகள்

நீரும் வெப்பமும் சரியாக இருந்தும் மீன் இல்லாமல் போன ஆறுகள் உண்டு. வடக்கு கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றில் 1966-இல் வெறும் 11 ஃபிளாட்ஹெட் கெளுத்திகளை விட்டார்கள். அது உயிருள்ள மீனை மட்டுமே விரும்பித் தின்னும் மிசிசிப்பிப் படுகையின் பெருங்கெளுத்தி. அட்லாண்டிக் பக்க ஆறுகளின் ரெட்பிரெஸ்டுக்கு அப்படியொரு எதிரியைத் தெரியாது. கேப் ஃபியரில் அது பரவிப் பெருகியது. ஜார்ஜியாவின் ஆல்டமஹா ஆற்றிலும் ஃபிளாட்ஹெட் பெருகியபின் ரெட்பிரெஸ்ட் சரிந்தது. புளூகில்லும் வெளியூரில் இதே வேலையைச் செய்திருக்கிறது. 1960-இல் சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி அன்றைய ஜப்பானிய இளவரசர் அகிஹிட்டோவுக்குக் கொடுத்த மீன்களின் வழித்தோன்றல்களே ஜப்பான் முழுதும் பரவின. அவற்றின் மரபணுவை ஒப்பிட்டபோது மூலம் மிஸிஸிப்பிக் கரையில் உள்ள அயோவாவின் கட்டன்பர்க் என்று தெரிந்தது. 2007-இல் பேரரசராக இருந்த அகிஹிட்டோ அதற்காக வெளிப்படையாக வருந்தினார்.

ஜார்ஜியாவின் சட்டில்லா ஆற்றுக்கு ஃபிளாட்ஹெட் 1990களில் வந்து சேர்ந்தது. அந்த மாநில இயற்கை வளத் துறை படகிலிருந்து மின்சாரம் பாய்ச்சி அவற்றைப் பிடித்து அகற்றுகிறது. கெளுத்திக்கு வினாடிக்கு 15, 20 துடிப்பு என்ற குறைந்த அதிர்வெண் போதும். வெதுவெதுப்பான கோடை நீரில் அடித்தால் ஃபிளாட்ஹெட்கள் மேலே மிதந்து வரும்; செதிலுள்ள மீன்கள் பெரும்பாலும் அசைந்து கொடுக்காது. பெரியவற்றை எடுக்க எடுக்கச் சராசரி எடை இறங்கியது, ரெட்பிரெஸ்டுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆனால் மிஞ்சிய கெளுத்திகள் முன்னைவிட இளவயதிலேயே பருவமடையத் தொடங்கின. ஆகவே அந்த ஆற்றில் அகற்றும் வேலைக்கு முடிவுத் தேதி கிடையாது. ஓராண்டு படகு இறங்காவிட்டால் அடுத்த கோடையில் சிறு கெளுத்திகளின் எண்ணிக்கையிலேயே அது தெரிந்துவிடும்.